யாரும் எழுதக் கூடாத இரண்டு வாரம்

கூட்டம் நடக்கும் ஊர்,
செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கால் வீக்கத்தைத் தவிர நலம். நீயும் நடுக்கடலில் உன் எண்ணெய் மேடையில் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கப் போகிறேன். போன வாரம் போனில் பேசியபோது உனக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டே நின்றார்கள். வரிசையில் அடுத்த ஆள் போலிருக்கிறது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் இருமும்போது என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, காற்று எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஆள் மாற்றும் ஹெலிகாப்டரில் தபால் பையும் வரும் என்று சொன்னாய். வழியில் கடலில் போட்டுவிடாமல் இருந்தால் சரி.

வீட்டுச் செய்தி முதலில். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். அம்மா டாக்டரை மாற்றச் சொல்கிறாள். உன் மகளிடம் பள்ளியில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்களாம். "கடல்ல நிக்கிறார்" என்று சொல்லியிருக்கிறாள். உன் மனைவி இதைப் போனில் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு எனக்கு உன் கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். அவளுக்கும் இரண்டு வரி எழுது. எனக்கு எழுதுகிற மாதிரி வானிலை அறிக்கை எழுதாதே.

நான் மூன்று நாளாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் திறக்காது. நீள மேசை, ஒவ்வொருவர் முன்னும் நாட்டின் பெயர் எழுதிய அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், காதில் மாட்டும் கருவி. குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொன்னால் நிறுத்திவிடுகிறார்கள். போடச் சொன்னால் எல்லோரும் சால்வையைத் தேடுகிறோம். ஒரு குளிர்சாதனத்தில் உடன்பட முடியாதவர்கள் சேர்ந்துதான் ஏழு கடலுக்கு விதி எழுதுகிறோம்.

நான் என்ன வேலைக்காக இப்படி ஊர் ஊராகப் போகிறேன் என்று அம்மா இன்னும் கேட்கிறாள். உனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே தைரியம் வருகிறதா என்று. ஏழு அரசாங்கங்கள். ஏழு பேர் கடலிலும் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறார்கள். எடுக்கிற கம்பெனிகள் பெரும்பாலும் அதே கம்பெனிகள். அவர்களுக்கு இயந்திரம் செய்து கொடுப்பவர்களும் அதே ஆட்கள். ஒரு கடலில் உடைவது அடுத்த கடலிலும் உடையும். ஆகவே ஒரு அரசாங்கம் கண்டுபிடித்ததை மற்ற ஆறுக்கும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது, இதைவிட நியாயமான காரியம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். களைப்பாக நினைக்கிறேன், அவ்வளவுதான்.

ஏன் களைப்பு என்றால், வெளியில் சொல்வதற்கு முன் ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்கிற முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். வரைவு அறிவிப்பு ஏழு தலைநகரங்களுக்கும் போகும். அதன் பிறகு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் யாரும் எதுவும் எழுதாவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அன்றே அறிவிப்பு வெளியாகும். யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் போச்சு. திருத்தி, மறுபடி அனுப்பி, மறுபடி இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நம் வீட்டில் ஒருத்தர் பேசாமல் இருந்தால் கோபம். இங்கே பேசாமல் இருந்தால் ஒப்பந்தம். இதை உன் அத்தானிடம் சொன்னேன். அப்படிப் பார்த்தால் கல்யாணம் ஆன நாளிலிருந்து தான் எல்லா ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவன் என்கிறார்.

உன் மேடை நிற்கிற கடலுக்குப் பொறுப்பான அந்நாட்டு அதிகாரியும் வந்திருக்கிறார். உங்களிடம் ஆய்வுக்கு வந்தபோது பார்த்திருப்பாய், உயரமாக, கழுத்தில் கண்ணாடி தொங்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கால்புள்ளி. எதைக் கொடுத்தாலும் பேனாவை எடுத்து முதலில் கால்புள்ளியைத்தான் தேடுவார். கெட்ட மனிதர் இல்லை. தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "எழுத்துல வரட்டும் மேடம், அன்னைக்கே நிறுத்திடறேன். எழுத்துல வராம நான் ஒரு மேடையைக்கூட தொட முடியாது" என்றார். அவர் நாட்டுச் சட்டம் அப்படி. அவரைக் குறை சொல்லி என்ன?

எதை நிறுத்துவது என்று கேட்பாய். நம் நாட்டுக் கடலில் மழைக்கு முன்னால் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய், பேப்பரில் நாலு வரி வந்தது. உயிர்காப்புப் படகை ஒத்திகைக்காக இறக்கும்போது பாதி உயரத்தில், படகைத் தாங்கும் கொக்கி விட்டுவிட்டது. படகு விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த விசாரணை என் தலையில்தான் விழுந்தது. ஏன் விட்டது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். ஏழு அரசாங்கமும் ஒப்புக்கொண்டு வெளியிடும் வரை அதை யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் படகில் மாட்டியிருக்கும் கொக்கி எந்தக் கம்பெனி? அடுத்து ஆட்களை ஏற்றி இறக்கும் ஒத்திகை எப்போது? சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் சும்மா இல்லை என்றே வைத்துக்கொள். அடுத்த ஹெலிகாப்டரிலேயே பதில் போடு.

வேளைக்குச் சாப்பிடு. காற்றில் தலையை மூடிக்கொண்டு நட.

அன்புடன்,
அக்கா


வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கொக்கியின் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். மீதியை அடுத்த நாள்தான் படித்தேன். அதில் நீ எழுதியிருந்த வேடிக்கைகளுக்கெல்லாம் இப்போது சிரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். புதுச் சமையல்காரர் உப்பை மறப்பது, நீங்கள் எல்லோரும் சட்டைப்பையில் உப்புப் பொட்டலத்தோடு சாப்பிடப் போவது, அவருக்கு அது தெரியாமல் தன் கைப்பக்குவம் என்று பூரித்துப்போவது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாசித்துக் காட்டினேன், அம்மா ரசித்தாள்.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் ஒத்திகை என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன் கேள். கூட்டம் முடிந்து வரைவு போயிற்று. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் கால்புள்ளியின் அமைச்சகத்து வக்கீல்கள் எழுதிவிட்டார்கள், கொக்கி செய்த கம்பெனியின் பெயரைப் போட்டால் அவர்கள் வழக்குப் போடுவார்கள் என்று. பெயரை எடுத்துவிட்டு கொக்கியின் மாடல் எண்ணை மட்டும் போடுவது என்று முடிவாயிற்று. மறுபடி இரண்டு வாரம். இந்த முறை யாரும் எழுதாவிட்டால் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அறிவிப்பு வெளிவரும். உன் ஒத்திகைக்கு முன்னாலேயே கால்புள்ளி கையில் எழுத்து இருக்கும். அதனால் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் இருக்கிறேன்.

நம் நாட்டுக் கடலில் படகையெல்லாம் காலியாக இறக்குகிறார்களாமே, ஏன் என்று கேட்டிருக்கிறாய். மேடைக்காரர்களுக்கு எது தெரியாமல் இருக்கிறது? உண்மைதான். நம் கடலுக்கு உத்தரவு போட நாங்கள் யாரையும் கேட்க வேண்டாம். காரணம் எதுவும் போடாமல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினோம், முணுமுணுத்துக்கொண்டே கேட்டார்கள். காரணம் இல்லாத அந்தச் சுற்றறிக்கை கடல் எல்லையைத் தாண்டினால் வெறும் காகிதம். காரணமோ எங்களுடையது மட்டும் இல்லை. அந்தக் கொக்கியை அறுத்துப் பார்த்தது வேறொரு நாட்டின் ஆய்வுக்கூடத்தில். நம்மிடம் அந்த வசதி இல்லை. ஏற்பாட்டின் கீழ் அவர்கள் செய்து கொடுத்தார்கள், முடிவு ஏழு பேருக்கும் பொது.

எங்கள் இயக்குநரிடம் போய் நின்றேன். மற்ற ஆறு கடலுக்கும் நாமே நேராக ஒரு எச்சரிக்கை அனுப்பிவிடலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா இன்னைக்கு நாம ஒரு தடவை மீறினா, நாளைக்கு அவங்க கண்டுபிடிச்சதை நமக்கு சொல்ல மாட்டாங்க" என்றார். அதுவும் உண்மை. முன்பு ஒரு முறை யாரோ ஒரு அறிக்கையைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு அரசாங்கம் கோபித்துக்கொண்டு வெளியே போய், திரும்பி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதே ஏற்பாட்டின் வழியாகத்தான் பாரந்தூக்கியின் இரும்பு வடம் உள்ளே துருப்பிடிக்கிறது என்று நமக்குச் செய்தி வந்தது. அதை அனுப்பிய நாட்டின் பெயரைக்கூட அம்மா கேள்விப்பட்டிருக்க மாட்டாள். நம் மேடைகளில் வடங்களைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் பாதி இழைகள் அறுந்து கிடந்தன, அதன் அடியில் தினமும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் சொன்னதும் இதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெளியே வந்து மாடிப்படியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். இறந்த இரண்டு பேரில் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். விசாரணைக்குச் சில விவரம் வேண்டியிருந்தது. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தார். சமையல் மேடைமேல் ஒரு மிக்ஸி பிரித்துப் போட்டபடி கிடந்தது. கணவர் விடுமுறையில் பிரித்தாராம், அடுத்த முறை வந்து பூட்டுகிறேன் என்று போனாராம். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துக் கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். "அவர் கொக்கியை சரியா மாட்டலைன்னு கம்பெனியில சொல்றாங்க. அப்படித்தானா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். விசாரணை நடக்கிறது என்று சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். வண்டியில் ஏறிய பிறகு என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, தம்பி. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

ஆகவே இப்போது உன்னிடம் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்துவிட்டால் கவலையில்லை. ஒருவேளை வராவிட்டால், அந்த ஒத்திகை அன்று நீ படகில் ஏறாதே. வயிற்று வலி என்று சொல். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல். சின்ன வயதில் கணக்குப் பரீட்சை அன்றெல்லாம் உனக்கு வராத காய்ச்சலா? அந்தத் திறமை எங்கே போயிற்று? காரணம் கேட்காதே. உன் அத்தானும் அதைத்தான் சொல்கிறார். "சொல்லிடு, உன் தம்பி ஒருத்தனாவது தப்பிக்கட்டும்" என்கிறார். நான் சொல்லாமல் சொல்கிறேன். புரிந்துகொள்.

உன் மனைவிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


அலுவலகம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தபால் பையில் போடவில்லை. உங்கள் மேடை அலுவலகத்து மெயிலுக்கே அனுப்புகிறேன். உன்னிடம் வருவதற்குள் நாலு பேர் படித்திருப்பார்கள். படிக்கட்டும், அதற்காகத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஐந்து மணிக்கு மௌனம் முடிய வேண்டும். கால்புள்ளியின் வக்கீல்கள் எழுதவில்லை. மற்றவர்களும் எழுதவில்லை. எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் நான் முன்கூட்டியே போய்ச் சொல்லியிருந்தேன், தும்மினால்கூட எழுத்தில் தும்மாதீர்கள் என்று. நான்கு மணி தாண்டியதும் எனக்கு நானே ஒரு டீ வாங்கிக்கொண்டேன். ஐந்தே காலுக்கு ஏழு நாட்டு ஏற்பாட்டின் செயலகத்திலிருந்து செய்தி வந்தது. மௌனம் கலைந்தது. கலைத்தது எந்த நாடு என்று பார்த்தால், நம் நாடு.

தபால் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். வந்த கடிதம் எதற்கும் பதில் போகாமல் மாதம் முடியக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. போன மாதம் நிலுவை அதிகம் என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டார். அந்த அம்மா மாதக் கடைசி என்று எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறார். செயலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம் இரண்டு வாரமாகப் பதில் இல்லாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பதில் போட்டுவிட்டார், வழக்கமாகப் போடுகிற அதே பதில். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. பொருள் பரிசீலனையில் உள்ளது." ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

பரிசீலனையில் இருக்கிறது என்றால் இன்னும் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். செயலகத்துப் பெண்ணைப் போனில் பிடித்துக் கெஞ்சினேன். அது வெறும் ரசீது மாதிரி, எங்கள் ஊரில் யாரும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பாவம், அவருக்கும் வருத்தம்தான். உங்களுக்காக ஒரு முறை விட்டால் நாளைக்கு எல்லோருக்கும் விட வேண்டியிருக்கும் என்றார். புதிதாக இரண்டு வாரம் ஆரம்பித்துவிட்டது. உன் ஒத்திகை அதற்கு நடுவில் வருகிறது.

தபால் பிரிவு அம்மா அழுதுவிட்டார். "பதில் போடறதுதானே மேடம் என் வேலை?" என்றார். அவர் கேட்டதில் தவறு என்ன? எல்லோரிடமும் போய்ச் சொன்னேனே தவிர, தபால் பிரிவு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் அவரைத் திட்டவில்லை. தெம்பும் இல்லை.

வார நடுவில் உன் பதில் வந்தது. வயிற்று வலி என்று சொல்கிறேன் அக்கா என்று நீ எழுதியிருப்பாய் என்று எதிர்பார்த்துத்தான் பிரித்தேன். நீ எழுதியதை நான் இப்போது பார்க்காமலே சொல்வேன். "காரணம் சொன்னா எல்லாரையும் இறக்கிடுவேன். காரணம் இல்லாம என்னை மட்டும்தான் இறக்க முடியும். நான் இறங்கினா என் இடத்துல சமையல்காரர் உக்காருவார், படகு ஓட்ட எனக்கு அடுத்த ஆள் அவர்தான். நான் வயித்து வலின்னு படுத்திருக்க, அவர் போகட்டுமா?" உனக்கு இவ்வளவு பேச்சு எப்போது வந்தது? உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார், நல்ல மனிதர்.

கால்புள்ளிக்குப் போன் செய்தேன். எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன், என் தம்பி உங்கள் கடலில் இருக்கிறான், ஒத்திகை வருகிறது என்று. பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க பேர்ல இது வெளியில வந்தா, உங்க மேல முதல் புகார் நான்தான் எழுத வேண்டியிருக்கும். என் வேலை அது. எழுதுவேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒரு மேலாளர் தானா முடிவு பண்ணி படகை காலியா இறக்கினா, அதை நான் ஏன்னு கேக்க முடியாது" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஆகவே எழுதுகிறேன். உன் மேலாளரிடம் இந்தப் பகுதியைக் காட்டு.

உங்கள் கொக்கியை மாட்டிக் கைப்பிடியைத் தள்ளினால் பச்சைக் குறி தெரியும். பச்சை வந்தால் பூட்டிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பொய். உள்ளே இருக்கிற தாங்கு துண்டு தேய்ந்துவிட்டால் பாதி தூரம்தான் போய் நிற்கும். குறி மட்டும் முழுப் பச்சை காட்டும். காலிப் படகைத் தாங்கும். ஆட்கள் ஏறி எடை கூடி, இறங்கும்போது ஒரு குலுக்கல் வந்தால் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் தெரியாது. எங்களுக்கும் அறுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இறந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சொல்லிக் கொடுத்தபடிதான் மாட்டியிருக்கிறார்கள். மிக்ஸி பிரித்துக் கிடந்த வீட்டு அம்மாவிடமும் இன்று மாலை நேரில் போய் இதைச் சொல்லப் போகிறேன்.

படகைக் காலியாகவே இறக்குங்கள், காலியாகவே ஏற்றுங்கள். நிஜமாகவே ஆபத்து வந்து படகில் ஏற வேண்டியிருந்தால் அதற்கு வழியில்லாமல் போகக் கூடாது. கொக்கிக்குப் பக்கத்தில் இணையாகத் தனிப் பட்டை ஒன்று மாட்டுங்கள், கொக்கி விட்டாலும் பட்டை தாங்கும். படகு தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். நம் கடலில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். பாரம் தூக்கும் பட்டை உங்கள் கிடங்கிலேயே இருக்கும். தாங்கும் எடையைச் சரிபார்த்து எடு, கைக்கு வந்ததை மாட்டிவிடாதே.

இதன் பிரதியை இயக்குநர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்கு இன்னைக்கு கண்ணு சரியில்லை. திங்கக்கிழமை பாக்கறேன்" என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த நாற்காலியில் இருப்பேனா என்று தெரியாது. உன் அத்தானிடம் சொன்னேன். இனிமேல் காலை டீ தன் தலையில் விழாது, அது ஒரு லாபம் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வேலை போவதுகூடப் பெரிதில்லை. நான் வாயைத் திறந்ததால் அந்த மேசையிலிருந்து யாராவது எழுந்து போய், அடுத்த வடம் அறுகிற செய்தி நமக்கு வராமல் போனால் என்ன செய்வேன்? இயக்குநர் சொன்னது இன்றைக்கும் சரிதான். ஆனாலும் அனுப்புகிறேன்.

உன் மேலாளர் தயங்கினால் சண்டை போடாதே, மரியாதையாகப் பேசு. அக்கா சொன்னாள் என்றால் அவர் படகை நிறுத்த மாட்டார், அதனால் கீழே என் பதவியைப் போட்டுக் கையெழுத்து இட்டிருக்கிறேன். யாராவது பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கேலி செய்தால் செய்யட்டும். ஒத்திகை முடிந்து படகு மேலே ஏறி நின்றதும் எனக்கு ஒரு வரி எழுது. ஒரு வார்த்தை போதும்.

உன்னோடு படகுப் பயிற்சி எடுத்தவர்கள் அந்தக் கடலில் மேடைக்கு ஒருவராக இருப்பார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இன்றைக்கே ஒவ்வொருவருக்கும் அனுப்பு, ஒருவரையும் விடாதே. எல்லோரும் நன்றாக இருங்கள், பிள்ளைகளிடம் முழுதாகத் திரும்பி வாருங்கள். யார் எழுதியது என்று அவர்கள் கேட்டால் மறைக்க வேண்டாம். நம்ம அக்கா எழுதினது என்று சொல்.

இப்படிக்கு,
முதுநிலை ஆய்வு அதிகாரி,
கடல் எண்ணெய், எரிவாயுப் பாதுகாப்பு இயக்ககம்